திருநீறு பூசிய ஸ்கேட்

ஐஸ் ஹொக்கி ஸ்கேட்டின் அடியில் இருப்பது ஒரு கத்தி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு கத்தி. அலகின் நடுவில் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்துக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மயிரளவு தாழ்ந்தால்கூடப் போதும், வேகமாகத் திரும்பும்போது அந்தக் கால் ஐஸைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தீட்டி முடித்ததும் ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அலகின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்ப்பது. நாணயம் மட்டமாக நின்றால் சரி, சரிந்தால் பிழை. ஐந்து விநாடி வேலை. அந்த வேலையைத்தான் நான் ஒருநாள் செய்யாமல் விட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் ஐஸ்பழம்தான். அதை வாயில் வைப்பார்களே தவிர அதன்மேல் ஓட மாட்டார்கள். மொன்றியலுக்கு வந்த புதிதில் எங்கள் பெண்கள் தையல் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். எனக்கோ ஊசியில் நூல் கோர்க்கிற பொறுமை கிடையாது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு ஐஸ் அரங்கில் தரை துடைக்கப் போனேன். அரங்குக்குள்ளேயே ஸ்கேட் தீட்டும் சின்னக் கடை ஒன்று இருந்தது. அதன் முதலாளி பிரெஞ்சுக்காரர், நாரிப்பிடிப்பால் குனிய முடியாதவர். சாமான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று உள்ளே போன நான், ஒரு வருடத்துக்குள் தீட்டும் கல்லுக்கு முன்னால் நின்றேன். ஆண்களின் ஸ்கேட்டை அவர் தீட்டுவார். பெண்கள் அணியின் ஸ்கேட் வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார். ஏதோ பழஞ்சோற்றைத் தள்ளிவிடுகிற மாதிரித் தள்ளுவார். எனக்கு அது கோபம். அந்தக் கோபத்திலேயே நான் நன்றாகத் தீட்டப் பழகினேன்.

அந்தப் பெண்கள் அணியில் பின்வரிசையில் விளையாடுகிற ஒருத்தி இருந்தாள். இருபத்தாறு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். நகரின் கோடியில் இருக்கும் இல்-பிசார் தீவில் தாய் தகப்பனோடு இருந்தாள். ஆளளவு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸைப் பிடித்து, இன்னொன்று மாறி வருவாள். கிழமை நாட்களில், டெப்பனர் என்று அங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில் சிகரெட்டும் பாலும் விற்றாள். உன் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் மட்டும் ஹொக்கி என்பாள். அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஹொக்கியில் சம்பளம் கிடையாது. அப்படியிருந்தும் அவள் தூங்குவது, சாப்பிடுவது, எடை பார்ப்பது எல்லாமே அந்தத் தொழிலுக்காகத்தான். ஞாயிறு காலை, வேறு யாரும் கேட்காத நேரத்தில்தான் அவர்களுக்கு ஐஸ் கிடைக்கும். அவளுடைய பெயர் பெற்ற வித்தை, பின்புறமாக வேகமாய்ப் போய்க்கொண்டிருக்கும்போதே வலது காலை ஊன்றி ஒரே திருப்பில் முன்னோக்கி வருவது. கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடுவாள். எதிரணிக்காரி பேந்தப் பேந்த முழிப்பாள்.

அவள் பேசியது பிரெஞ்சு, நான் பேசியது என் ஓட்டைப் பிரெஞ்சு. ஆனால் இதை எழுதும்போது அவளுடைய பேச்சும் முதலாளியின் பேச்சும் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

“மதாம், என்ரை ஸ்கேட்டிலை உங்களைத் தவிர வேறை ஆரும் கை வைக்கக் கூடாது,” என்று முதலாளிக்குக் கேட்கும்படியாகவே சொல்வாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

தொண்ணூறுகளின் நடுவில், பெண்களின் ஹொக்கியையும் ஒலிம்பிக்கில் சேர்க்கப்போகிறார்கள் என்பது உறுதியான காலம் அது. நாட்டு அணிக்கு ஆட்களைத் தேடினார்கள். ஒன்ராறியோவில் நடக்கிற தெரிவு முகாமுக்கு வரும்படி அவளுக்குக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “மதாம், பாருங்கோ! பாருங்கோ!” இரண்டு பேரும் கடைக்குள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அவள் முகாமுக்குப் போகிற நாளும் என்னுடைய கந்தசஷ்டியின் ஆறாம் நாளும் ஒன்றாக வந்தன.

எனக்குக் கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. நம் சனத்துக்கு இது போதாதா? வாடகை மண்டபத்தில் நடந்த எங்கள் கோவிலில், சுவாமியைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் நாலு பேர் என் வயிற்றைப் பார்ப்பார்கள். “சட்டியிலை இருந்தால்தானே பிள்ளை அகப்பையிலை வரும்,” என்று ஒரு அம்மா, சஷ்டி விரதத்தைத்தான் பழமொழியில் சொல்கிறாளாம், ஊருக்கே கேட்கச் சொன்னாள். அந்த வாயில் கொள்ளி வைக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் விரதம் பிடித்தேன். கொஞ்சநஞ்சமாக இல்லை, ஐந்து நாளும் ஒருநேரம் பாலும் பழமும் மட்டும், ஆறாம் நாள் பச்சைத் தண்ணீரும் இல்லை.

அன்று மத்தியானம் அவள் ஸ்கேட்டைக் கொண்டுவந்தாள். பின்னேரம் பஸ். எனக்குப் பின்னேரம் கோவிலில் சூரன்போர். கல்லுக்கு முன்னால் நின்றபோது காது இரைந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு ஏலாமல் இருக்கு. இஞ்சை தா, நான் செய்யிறன்,” என்றார். மனுசன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இவ்வளவு காலமும் பழஞ்சோறு மாதிரித் தள்ளிவிட்டவர், இப்போது கடிதம் வந்ததும் கை நீட்டுகிறாரா? “என்ரை வேலையை நான் பாப்பன்,” என்றேன்.

இடது ஸ்கேட்டைத் தீட்டினேன், நாணயம் வைத்துப் பார்த்தேன், மட்டமாக நின்றது. வலது ஸ்கேட்டைப் பிடியில் பூட்டும்போது கண் ஒருதரம் இருண்டு வெளித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு தீட்டி முடித்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், கோவிலுக்கு நேரமாகிவிட்டது. நாணயம் கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கைப்பையில் திருநீறு இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறு நாள் பட்டினி கிடந்து தொட்ட வேலை, முருகன் விடுவானா என்றுதான் இருந்தது. இரண்டு ஸ்கேட்டிலும் திருநீற்றை ஒரு கீற்றுப் பூசினேன். அவள் குனிந்து நெற்றியையும் காட்டினாள், அதிலும் பூசினேன். நாணயம் வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் திருநீறு பூசி அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் ஊன்றுகோல்களோடு வந்தாள். வலது முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. முகாமின் முதல் நாள், முதல் மணித்தியாலம், அவளுடைய பெயர் பெற்ற அதே திருப்பத்தில் கால் வழுக்கி, ஐஸைச் சுற்றி நிற்கும் பலகையில் போய் மோதியிருக்கிறாள்.

“என்ன பிள்ளை நடந்தது?” என்று கேட்டேன்.

“என்ரை பிழைதான் மதாம். உடம்பைச் சூடாக்கேக்கையே கால் கொஞ்சம் வழுக்கினது. ஸ்கேட்டைப் பாரடி எண்டு ஒருத்தி சொன்னவள். அது மதாம் தீட்டினது, பிழைக்காது எண்டு நான் சொல்லிப்போட்டன். பதட்டத்திலை காலைப் பிழையா ஊண்டிப்போட்டன் போலை. நான் திரும்பிற விதமே பிழையாம், ஒருநாளைக்கு இப்பிடி நடக்குமெண்டு அங்கத்தைப் பயிற்சியாளரும் சொன்னவர்.”

பையை என்னிடம் விட்டுவிட்டு, தெரிந்தவர்களைப் பார்க்க அரங்குக்குள் போனாள். முதலாளி அன்று இல்லை. நான் வலது ஸ்கேட்டை எடுத்துக் கவிழ்த்து நாணயத்தை வைத்தேன். சரிந்தது. குழந்தைக்கும் தெரிகிற சரிவு. திருப்பி வைத்தேன். திருப்பியும் சரிந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கைதான் வேலை செய்தது. கதவைச் சாத்தினேன். ஸ்கேட்டைப் பிடியில் பூட்டி, பிழையான விளிம்பு இருந்த இடமே தெரியாமல் தீட்டினேன். அவ்வளவு கவனமாக நான் ஒருநாளும் தீட்டியதில்லை. பிறகு நாணயம் வைத்தேன், மட்டமாக நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, கதவைத் திறந்து, அவளுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் அழுதுகொண்டு கணவரிடம் சொன்னேன். அவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார், போவதற்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

“இஞ்சரப்பா, உனக்கு மூளை கீளை பிசகிப்போச்சே? எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அவள் வழக்குப் போட்டாளெண்டால் என்ன செய்வாய்? வாயைப் பொத்திக்கொண்டு இரு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின்ரை கதையா முடியும்.”

“அவள் தன்ரை பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாளப்பா.”

“நினைக்கட்டும். அவளை ஆரும் நாடு கடத்தப்போறதில்லை.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேஸ் முடிந்ததும் சொல்லுவோம் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். நான்கு மாதத்தில் கேஸ் முடிந்தது. நான் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

பிள்ளை உண்டானதும் எனக்கு வந்தது சந்தோசம் இல்லை, பயம். ஆறு நாள் விரதத்துக்கு முருகன் கொடுத்த பிள்ளை என்று கோவிலில் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கோ அந்தப் பெண்ணின் முழங்காலைக் கொடுத்து வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது வந்துவிடுமோ என்று நினைத்தேன். எப்படிப்பட்ட மடைத்தனம்! ஆனால் ஏழு வருடம் வெறும் வயிற்றோடு கோவிலுக்குப் போய் வந்தவளுக்கு அந்த மடைத்தனம் வரும்.

அவளிடம் நான் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னபோது அவள்தான் குதித்தாள், ஒற்றைக் காலில். அதற்குள் முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. “மதாம், உங்கடை அந்த வெள்ளைத் தூளிலை கொஞ்சம் தாங்கோ,” என்றாள். “நான் மோதின மோதலுக்கு இடுப்பே போயிருக்க வேணுமாம். அந்தத் தூள்தான் காப்பாத்தினது எண்டு அம்மாவுக்குச் சொன்னனான்.” காகிதத்தில் ஒரு சரை மடித்துக் கட்டிக் கொடுத்தேன். அவள் மெர்சி சொல்லி அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தாள். நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

ஒரு வருடத்தில் அவள் திரும்ப விளையாட வந்துவிட்டாள். முழங்காலுக்குப் பட்டி போட்டிருந்தாள். வேகம் குறையவில்லை, பலம் குறையவில்லை. ஆனால் திருப்பம் மாறியிருந்தது. பின்புறமாக வரும்போது வலது காலை ஊன்ற மாட்டாள். ஒரு கணம் தயங்கி, எடையை இடது காலுக்கு மாற்றி, பிறகு திரும்புவாள். அந்த ஒரு கணத்தில் எதிரணிக்காரி தாண்டிப் போய்விடுவாள். ஞாயிறு தோறும் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகும் நின்று, இந்தப் புதிய திருப்பத்தையே திருப்பித் திருப்பிப் பழகினாள். நான் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். இப்போது எழுந்து போய்ச் சொல்லு, இப்போது சொல்லு என்று மனம் அடிக்கும். பிறகு பார்ப்போம், பேந்து சொல்லுவம் என்று இருந்துவிடுவேன். பேந்து, பேந்து என்றே வருடங்கள் போயின.

ஒலிம்பிக்குக்கு முந்திய தெரிவுக்கு அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். நல்ல பிள்ளை, ஆனால் திரும்புவது மெதுவாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அவளோடு ஓடித் திரிந்த பெண்கள் தொலைக்காட்சியில் தெரிந்தபோது, அவள் அரங்கின் சிற்றுண்டிக் கடையில் எங்களோடு இருந்து கைதட்டினாள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அதற்குப் பிறகும் உள்ளூர் அணியில் விளையாடினாள், முப்பது வயதில் நிறுத்தினாள். பெண்களுக்கு ஹொக்கியில் ஏதாவது நல்லது நடக்கப்போகிறது என்று எல்லோரும் பேசத் தொடங்கிய நேரத்தில் நிறுத்தினாள். ஞாயிறு காலைகளில் சின்னப் பெண் பிள்ளைகளுக்குப் பழக்க மட்டும் வந்தாள்.

அப்படி ஒரு ஞாயிறு. வகுப்பு முடிகிற நேரம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று திரும்பும்போது விழுந்துவிட்டு, ஸ்கேட் சரியில்லை என்று அழுதுகொண்டு வந்தது. அவள் அந்தப் பிள்ளையைக் கடை வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்து, குந்தியிருந்து கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“ஸ்கேட்டைக் குறை சொல்லக் கூடாது. இது மதாம் தீட்டினது. மதாம் தீட்டினது ஒருநாளும் பிழைக்காது. நானும் ஒருக்கால் விழுந்தனான், பெரிசா விழுந்தனான். நான் ஸ்கேட்டைக் குறை சொல்லேல்லை. என்ரை காலிலை பிழையைத் தேடினனான். நல்ல விளையாட்டுக்காரி அப்பிடித்தான் செய்யவேணும்.”

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டிவிட்டுத் தாயிடம் போனது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். இந்தச் சிரிப்பை எப்படித் தாங்குவது?

“பிள்ளை, அண்டைக்கு உன்ரை கால் பிழைக்கேல்லை,” என்றேன். “ஸ்கேட்தான் பிழை. வலது ஸ்கேட். நான் விரதத்தோடை தலைசுத்திக்கொண்டு நிண்டு தீட்டினனான். நாணயம் வைச்சுப் பாக்கேல்லை.”

அவள் சிரிப்பு முழுதாகப் போகவில்லை. “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ ஊண்டுகோலோடை வந்தனியல்லே, அண்டைக்கு வைச்சுப் பாத்தனான். சரிஞ்சது. நீ உள்ளுக்குப் போன நேரம் திருப்பித் தீட்டி மறைச்சுப்போட்டன்.”

“அண்டைக்கே தெரியுமோ?”

“ஓம்.”

அவள் எழுந்து நின்றாள். ஸ்கேட்டோடு நின்றதால் இன்னும் உயரமாக இருந்தாள். நான் அவளுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு அழத் தொடங்கினேன். “உன்ரை முழங்காலை நான்தான் பிள்ளை...”

“முழங்காலை விடுங்கோ மதாம்.” அவள் குரல் உயரவில்லை. “முழங்கால் ஒரு வருசத்திலை சுகமாப் போச்சுது. ஹொக்கி விளையாடினால் ஆருக்கும் முழங்கால் உடையும். நான் என்ரை திருப்பத்தையெல்லோ மாத்தினனான். அது பிழையெண்டு நினைச்சு, எல்லா ஞாயிறும் நிண்டு மாத்தினனான். நீங்கள் இதிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

இத்தனை வருடமும் நான் அழுததெல்லாம் ஐந்து விநாடி செய்யாத வேலைக்காகத்தான். அவளை முடித்தது அது இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் நான் சும்மா இருந்த ஞாயிறுகள்தான் முடித்தன.

“அடுத்த நாள் சொல்லியிருந்தால் போதும் மதாம்,” என்றாள். “ஒரு கிழமை கழிச்சுச் சொல்லியிருந்தாலும் போதும்.”

கையுறைகளை எடுத்துக்கொண்டு அவள் திரும்ப ஐஸுக்குப் போனாள். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். கீழ்க்கோடியில் போய் நின்று முழங்கால் பட்டியை இறுக்கினாள். பிறகு பின்புறமாக வரத் தொடங்கினாள். முதலாவது தடவை மெதுவாக. நடுக்கோட்டுக்கு வந்ததும் வலது காலை ஊன்றினாள், திரும்பினாள். திரும்பப் போனாள். அடுத்த தடவை வேகமாக வந்தாள், அதற்கடுத்த தடவை இன்னும் வேகமாக. ஐஸ் சீவுகிற சத்தம் கண்ணாடிக்கு உள்ளே கேட்டது. பழைய திருப்பம், தயக்கமே இல்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள். மூன்று வயது மகள் என் பக்கத்தில் நின்று கைதட்டினாள். நான் அவளுடைய கைகளைப் பிடித்து நிறுத்தினேன். ஐஸில் நின்றவள் பதினைந்து தடவைக்கு மேல் திரும்பியிருப்பாள், எல்லாம் வலது காலில். ஒருதடவைகூட விழவில்லை.